நெட்வொர்க் ஃபோல்டர் திறக்கவில்லையா? லினக்ஸ் சர்வரில் சிக்கலைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் டிசைன் சென்டர், ஃப்ளெக்ஸ் கடை, கல்யாண ஸ்டுடியோ, ஆடிட்டர் ஆபீஸ் என்று பல இடங்களில் ஒரு மூலையில் மானிட்டர் இல்லாத பழைய சிஸ்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே உபுண்டு அல்லது டெபியன், அதன் மேல் சம்பா (லினக்ஸ் ஃபோல்டர்களை விண்டோஸ் சிஸ்டங்களுக்குப் பகிரும் மென்பொருள்), கூடவே ஒரு பெரிய டிஸ்க். கடையின் மொத்த வேலையும் அதில்தான் இருக்கும். ஒழுங்காக ஓடும்வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற வாரத்தில் "அண்ணே, ஃபோல்டர் ஓபன் ஆகலை" என்று ஒரு குரல் வரும். உடனே ஆளுக்கொரு பக்கம் கை வைப்பார்கள். ஒருவர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார், இன்னொருவர் ஃபயர்வாலை நிறுத்துவார், விஷயம் தெரிந்தவர் ஒருவர் 777 அனுமதி (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம்) கொடுத்துவிடுவார். சில நேரம் அதில் ஏதோ ஒன்று வேலை செய்யவும் செய்யும். எது என்று தெரியாது. அதனால் அடுத்த மாதம் மறுபடி அதே கதை.

ஒரு ஃபைலைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை வரிசையாகச் சில இடங்களைத் தாண்டுகிறது: கேபிள், ஐபி முகவரி, போர்ட், பயனர் பெயரும் பாஸ்வேர்டும், ஷேர் (சர்வர் பகிரும் ஃபோல்டர்), ஃபோல்டர் அனுமதி, கடைசியாக ஃபைலின் பெயர். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் மாற்ற வேண்டாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றித்தான்.

உதாரணத்துக்கு சர்வரின் முகவரி 192.168.1.10, ஷேரின் பெயர் டிசைன், பயனர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை போனில் ஒருவருக்குச் சொல்வது போல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பிழைச் செய்தியைப் படிப்பது

"ஓபன் ஆகலை" என்பது பிழைச் செய்தி அல்ல. திரையில் என்ன வந்தது என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

லினக்ஸ் பக்கம் "லாகான் ஃபெய்லியர்" என்று வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. நெட்வொர்க் நன்றாகவே இருக்கிறது, ரவுட்டரைத் தொட வேண்டாம். "பேட் நெட்வொர்க் நேம்" என்றால் ஷேரின் பெயரை யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள், அல்லது ஷேர் சுட்டும் ஃபோல்டர் சர்வரில் இல்லை. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் சர்வர் வரை போய்விட்டது, அங்கே சம்பா ஓடவில்லை. நீண்ட நேரம் காக்கவைத்து "டைம் அவுட்" என்று வந்தால் ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது, அல்லது முகவரியே தவறு. "ஆக்சஸ் டினைடு" மட்டும் கொஞ்சம் வம்பு பிடித்தது. அதற்கு அனுமதிகள் பற்றிய படியில் வருகிறேன்.

லினக்ஸ் கிளையன்ட்டில் (சர்வரோடு இணையும் சிஸ்டத்தில்) ஷேரை மவுன்ட் செய்யும்போது, அதாவது ஒரு ஃபோல்டராக இணைக்கும்போது, வரும் எண்களும் பேசும். 13 என்றால் அனுமதி இல்லை. 2 என்றால் ஷேர் பெயர் கிடைக்கவில்லை. 112 என்றால் "ஹோஸ்ட் இஸ் டவுன்" என்று சொல்லும், ஆனால் பெரும்பாலும் சர்வர் உயிரோடுதான் இருக்கும். இரண்டு பக்கமும் பேசும் எஸ்எம்பி (சம்பாவும் விண்டோஸும் ஃபைல் பகிரப் பயன்படுத்தும் மொழி) பதிப்பு ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். "ராங் எஃப்எஸ் டைப்" என்று வந்தால் கிளையன்ட்டில் சிஃப்ஸ் யூட்டில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவ வேண்டும். விண்டோஸில் 80070035 என்று முடியும் எண் வந்தால் முகவரிக்குப் போகவே முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் படி: சர்வரிலேயே உட்கார்ந்து பார்ப்பது

பலர் தாண்டிவிடுகிற படி இது. ஆனால் சிக்கலைச் சட்டென்று பாதியாகக் குறைக்கும். சர்வருக்குள் நுழைந்து எஸ்எம்பிகிளையன்ட், இடைவெளி, ஹைஃபன், பெரிய எல், லோக்கல்ஹோஸ்ட், இடைவெளி, ஹைஃபன், பெரிய யூ, கவிதா என்று அடியுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் ஷேர்களின் பட்டியல் வர வேண்டும். வந்தால், அதே கட்டளையில் பட்டியலுக்குப் பதிலாக ஷேரின் முழு முகவரியைக் கொடுத்து உள்ளே போய் ஒரு ஃபைலைப் போட்டுப் பாருங்கள்.

இது வேலை செய்தால் சம்பா, பாஸ்வேர்டு, அனுமதி எல்லாம் சரி. சிக்கல் கேபிளிலோ கிளையன்ட்டிலோ இருக்கிறது. இங்கேயே தோற்றால் விண்டோஸ் சிஸ்டங்களில் எதையும் தொட வேண்டாம், சர்வரை மட்டும் பாருங்கள். கூடவே டெஸ்ட்பார்ம் என்ற கட்டளையை ஓட்டிவிடுங்கள். சம்பாவின் கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுத்துப் பிழை இருந்தால் எந்த வரி என்று அதுவே காட்டும்.

மூன்றாம் படி: கேபிள், முகவரி, போர்ட்

கிளையன்ட்டிலிருந்து சர்வரின் முகவரிக்கு பிங் அடியுங்கள். பதில் வரவில்லை என்றால் முதலில் இரண்டு சிஸ்டங்களின் முகவரிகளையும் பாருங்கள். லினக்ஸில் ஐபி, இடைவெளி, ஏ, விண்டோஸில் ஐபிகான்ஃபிக்.

நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி இருக்கும் அமைப்பு இது: ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த பெட்டி ஒன்று, அதன் வைஃபை உள் அறைக்கு எட்டவில்லை என்று வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுக்கும். முன்பக்கம் இருப்பவருக்கு 192.168.0 வரிசை, உள்ளே இருப்பவருக்கு 192.168.1 வரிசை. இணையம் இருவருக்கும் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முன்பக்கத்திலிருந்து உள்ளே இருக்கும் சர்வரை எட்ட முடியாது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவதுதான் தீர்வு. அதில் அப்படி ஒரு முறை இல்லை என்றால், அதன் டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, முகவரியை முதல் பெட்டியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வேன் போர்ட்டில் குத்தாமல் லேன் போர்ட்டில் குத்துங்கள். கெஸ்ட் வைஃபையில் இணைந்தவர்களுக்கும் சர்வர் எட்டாது. அது வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் சிக்கல் என்றால் சர்வரின் முகவரி மாறியிருக்கும். நேற்று 10, இன்று 14. ரவுட்டரில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தால் இந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது.

பிங் வருகிறது, ஷேர் திறக்கவில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். எஸ்எம்பிக்கு டிசிபி 445 போதும். பழைய நெட்பயாஸ் போர்ட்டுகளான 137, 138, 139 இன்றைய சிஸ்டங்களுக்குத் தேவையில்லை. சர்வரில் எஸ்எஸ், இடைவெளி, ஹைஃபன் டிஎல்என் என்று அடித்தால் 445 பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்றால் ஃபயர்வால். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ அலவ் சம்பா என்ற ஒரு வரி போதும். ஃபயர்வாலையே நிறுத்துவது தீர்வே அல்ல. 2017 மே மாதம் வான்னக்ரை உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸ் சிஸ்டங்களின் இதே 445 போர்ட் வழியாகத்தான். சர்வரின் 445ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

இடையில் ஒன்று: தெரியாமல் இருப்பதும் திறக்காமல் இருப்பதும்

விண்டோஸில் நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் சர்வரின் பெயர் தெரியவில்லை என்பது தனிப் பிரச்சினை. சாளரத்தின் மேலே முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு 192.168.1.10 என்று அடியுங்கள். திறந்தால் பகிர்வு சரியாக இருக்கிறது, பெயரை அறிவிக்கும் சேவை மட்டும் இல்லை. எஸ்எம்பி 1 ஓய்வுபெற்ற பிறகு விண்டோஸ் பக்கம் அந்த வேலையை டபிள்யூஎஸ்டிடி செய்கிறது, மேக் பக்கம் அவாஹி. நிறுவினால் பெயர் தெரியும். என்னைக் கேட்டால் டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுப்பது மேல். அந்த ஐகானை நம்பி வேலை செய்கிறவர்கள்தான் அடிக்கடி போன் செய்கிறார்கள்.

நான்காம் படி: பெயரும் பாஸ்வேர்டும்

சம்பாவுக்கு என்று தனிப் பாஸ்வேர்டுப் பட்டியல் இருக்கிறது. லினக்ஸில் கவிதாவுக்குக் கணக்கு இருந்தாலும், எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி ஹைஃபன் ஏ கவிதா என்று ஒருமுறை சேர்க்காவிட்டால் சம்பாவுக்கு அவர் யாரென்றே தெரியாது. பிடிபிஎடிட், ஹைஃபன், பெரிய எல் அடித்தால் சேர்க்கப்பட்டவர்கள் வருவார்கள். லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினால் இது தானாக மாறும் என்றும் நம்பி இருக்க வேண்டாம்.

உபுண்டு, டெபியனின் இயல்பான கான்ஃபிகரேஷனில் "மேப் டு கெஸ்ட்" என்ற வரி "பேட் யூசர்" என்று இருக்கும். இல்லாத ஒரு பெயரோடு வந்தால் துரத்தாமல் விருந்தினராக உட்காரவை என்று பொருள். எனவே பெயரில் ஒரு எழுத்துத் தப்பினாலும் "லாகான் ஃபெய்லியர்" வராது. ஷேர்கள் தெரியும், உள்ளே போனால் "ஆக்சஸ் டினைடு" வரும். நீங்கள் அனுமதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் தப்பு பெயரில் இருக்கும். எஸ்எம்பிஸ்டேட்டஸ் அடித்துப் பார்த்தால், கவிதா இருக்க வேண்டிய இடத்தில் நோபடி என்று காட்டும்.

விண்டோஸில் மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து பின் நம்பர் போடுபவர்களுக்கு இது அதிகம் நடக்கும். விண்டோஸ் தன்னுடைய கணக்கின் பெயரைத்தான் முதலில் அனுப்பும். கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, சர்வரின் முகவரிக்கு நேராகச் சம்பாவின் பெயரையும் பாஸ்வேர்டையும் கைப்பட எழுதி வையுங்கள். 1219 என்ற பிழை வந்தால், அதே சர்வருக்கு ஏற்கெனவே வேறு பெயரில் ஒரு இணைப்பு திறந்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ், நட்சத்திரக் குறி, சாய்கோடு டெலீட் என்று பழைய இணைப்புகளை உதறிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாத ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சேதி. விண்டோஸ் 11ன் 24ஹெச்2 பதிப்பில், புரோ வகையில் எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம். விருந்தினராக நுழைவதும் இயல்பாக மூடப்பட்டுவிட்டது. "நேற்றுவரை திறந்தது, அப்டேட் ஆனதும் நின்றுவிட்டது" என்றால் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் பக்கம் அந்தப் பூட்டை உடைக்க வழிகள் உண்டு. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

ஐந்தாம் படி: அனுமதிகள்

பெயர் சரி, பாஸ்வேர்டும் சரி, இருந்தும் "ஆக்சஸ் டினைடு" என்றால் இரண்டு அனுமதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று சம்பா கொடுப்பது: அந்த ஷேரில் "ரீட் ஒன்லி" நோ என்று இருக்கிறதா, "வேலிட் யூசர்ஸ்" வரியில் கவிதா இருக்கிறாரா. இன்னொன்று லினக்ஸ் கொடுப்பது. இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும்.

லினக்ஸ் பக்கம் எல்லாரும் ஷேர் செய்த ஃபோல்டரை மட்டும் பார்ப்பார்கள். அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழையும் அனுமதி வேண்டும் என்பது மறந்துபோகும். ஆடி வீதிக்குப் போக வேண்டும் என்றால் மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி எல்லாவற்றையும் தாண்டித்தானே போக வேண்டும்? வெளிவீதியிலேயே மறித்துவிட்டால் உள்ளே கதவு விரியத் திறந்திருந்தும் பயனில்லை. நேம்ஐ, இடைவெளி, ஹைஃபன் எல் என்று அடித்து ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிசையாக வரும். எந்த வரியில் எக்ஸ் இல்லையோ அங்கேதான் மறிக்கிறது.

உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டர்களுக்கு 750 அனுமதிதான். பழைய உபுண்டுவில் ஹோமுக்குள் ஷேர் வைத்திருந்தவர்கள் புதிதாக நிறுவி அதே கான்ஃபிகரேஷனை ஒட்டியதும் மற்றவர்களுக்குத் திறக்காமல் போவது இதனால்தான். யூஎஸ்பி டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் கிளிக் செய்து திறந்தாலும் அதே நிலை, அது மீடியா ஃபோல்டருக்குள் அந்த ஒருவருக்கு மட்டும் திறக்கும். ஷேர் செய்யும் டிஸ்க்கை எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) வழியாக மவுன்ட் செய்வதே முறை.

கவிதா சேமித்த ஃபைலை இன்னொருவர் திருத்த முடியவில்லை என்பது அடுத்த புகார். இதற்குத்தான் பலர் 777 போடுகிறார்கள். இருக்கும் ஃபைல்களுக்கு அது சரியாகும், நாளை உருவாகும் ஃபைலுக்கு மறுபடி அதே தகராறு. சரியான வழி: எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்கு மாற்றி, 2775 அனுமதி கொடுங்கள். முன்னால் இருக்கும் அந்த 2, உள்ளே பிறக்கும் ஃபைல்கள் எல்லாம் அதே குழுவுக்குப் போகும்படி செய்கிறது. பிறகு சம்பாவில் அந்த ஷேருக்குக் கீழே "கிரியேட் மாஸ்க்" 0664, "டைரக்டரி மாஸ்க்" 2775 என்று எழுதுங்கள்.

டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் சிஹெச்மாட் அடித்தாலும் பெரும்பாலும் எதுவும் மாறாது. மவுன்ட் செய்யும்போதே உரிமையாளரையும் அனுமதியையும் சொல்ல வேண்டும். விண்டோஸிலிருந்து கழற்றிய டிஸ்க் படிக்க மட்டும் திறந்தால், அந்த விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள். ஃபெடோரா வகையில் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்குதான் காரணம். ஃபோல்டருக்குச் சம்பா, அடிக்கோடு, ஷேர், அடிக்கோடு, டி என்ற அடையாளத்தைக் கொடுக்க வேண்டும்.

ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் காலி! "எல்லாம் போச்சு" என்று பதற வேண்டாம். டிஸ்க் மவுன்ட் ஆகாமல் வெறும் ஃபோல்டர் மட்டும் ஷேர் ஆகியிருக்கும். ஃபைன்ட்மவுன்ட் அடித்துப் பாருங்கள். அதற்குள் யாராவது புது வேலையை அங்கே சேமித்திருந்தால் அதை முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது அடியில் மறைந்துவிடும்.

ஆறாம் படி: தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

மற்ற வழிகாட்டிகளில் இது இருக்காது. நமக்குத்தான் வேண்டும்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "மீ" என்பதே இரண்டு குறியீடு, ஆக 6 பைட். "ஆவணி 12 கல்யாணப் பத்திரிகை இரண்டாவது திருத்தம் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாற்றத்துடன் ஃபைனல்" என்ற பெயரோடு புள்ளி பிஎஸ்டி சேர்த்தால் 256 பைட், அதாவது ஒரே ஒரு பைட் அதிகம். விண்டோஸ் இதே பெயரை 96 அலகாகத்தான் எண்ணும், அதன் வரம்பும் 255 அலகு, அதனால் அங்கே தாராளமாக இடம் இருக்கும். சர்வருக்கு நகலெடுக்கும்போது மட்டும் அடம்பிடிக்கும். ஒரு ஃபோல்டரில் எல்லாம் போய் ஒன்றிரண்டு மட்டும் தங்கினால் முதலில் பெயரின் நீளத்தைப் பாருங்கள். விவரங்களை ஃபோல்டர் பெயருக்கு மாற்றினால் போதும்.

அடுத்தது ஒரே பெயரில் இரண்டு ஃபைல். "கோயில் பேனர்" என்று இரண்டு இருக்கும், பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான். "கோ" என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. 2017க்கு முந்தைய மேக்குகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து ஜிப்பாகவோ ஆர்சிங்க் வழியாகவோ வந்தவை லினக்ஸில் வேறு பெயராக உட்காரும், தேடினால் கிடைக்காது. கான்வ்எம்வி என்ற கருவியில் இரண்டு பக்கமும் யூடிஎஃப்8 என்று கொடுத்து, என்எஃப்சி விருப்பத்தோடு ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். முதலில் ஒத்திகையாக மட்டுமே ஓடும். பட்டியலைப் பார்த்துத் திருப்தியான பிறகு நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள்.

லினக்ஸில் "முகூர்த்தம் 7:30" என்று பெயர் வைத்தால் விண்டோஸுக்கு முக்காற்புள்ளி ஆகாது. கேள்விக்குறியும் அப்படியே. சம்பா அதற்கு நெளிகோடு போட்ட ஏதோ ஒரு சுருக்கப் பெயரைக் காட்டும். சர்வரில் பெயரை மாற்றிவிடுங்கள்.

பழைய காப்பியர் மெஷின்

ஸ்கேன் செய்தால் நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். 2019ல் வந்த சம்பா 4.11 முதல் அது இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. சர்வரைப் புதுப்பித்த அன்றே ஸ்கேன் நின்றால் காரணம் இதுதான். "சர்வர் மின் புரோட்டோகால்" என்டி1 என்று எழுதினால் வேலை செய்யும். ஆனால் அந்த வரி ஒரு ஷேருக்கு மட்டும் பொருந்தாது, மொத்த சர்வருக்கும் எஸ்எம்பி 1ஐத் திறந்துவிடும். மெஷினில் எஃப்டிபி அல்லது மின்னஞ்சல் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே என் தேர்வு.

லினக்ஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே: என்எஃப்எஸ்

கல்லூரி லேப்களிலும் சாஃப்ட்வேர் ஆபீஸ்களிலும் சம்பாவுக்குப் பதிலாக என்எஃப்எஸ் இருக்கும். சன் நிறுவனம் 1984ல் கொண்டுவந்தது; 4ஆம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே போர்ட் போதும். 3ஆம் பதிப்பு என்றால் 111ம் மவுன்ட்டி என்ற சேவையின் போர்ட்டும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தால் பொருளே தலைகீழ்: நீங்கள் நினைத்த நெட்வொர்க்குக்குப் படிக்கும் உரிமை மட்டும், உலகத்துக்கே எழுதும் உரிமை. திருத்திய பிறகு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் ஹைஃபன் ஆர்ஏ. வழக்கமான அமைப்பில் அனுமதி பெயரைப் பார்த்து அல்ல, எண்ணைப் பார்த்துக் கிடைக்கிறது. இரண்டு சிஸ்டத்திலும் ஐடி என்று அடித்து, கவிதாவின் எண் ஒன்றா என்று பாருங்கள். இங்கே 1000, அங்கே 1001 என்றால் அவருடைய ஃபைலே அவருக்குத் திறக்காது. ரூட்டாக (நிர்வாகியாக) எழுத முடியாமல் இருப்பது கோளாறு அல்ல, கிளையன்ட்டின் ரூட்டைச் சாதாரணப் பயனராக நடத்தும் ரூட் ஸ்குவாஷ் செய்கிற வேலை.

சர்வர் நின்றால் கிளையன்ட்டில் டிஎஃப் (டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) கூட உறைந்துபோகும். சர்வர் திரும்பியதும் தானாக விடுபடும், சாஃப்ட் விருப்பத்துக்கு மாற்றி அவசரப்பட வேண்டாம். மாற்றினால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் கெடக்கூடும். "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்" வந்தால் யூமவுன்ட் ஹைஃபன் எல் அடித்துவிட்டு மறுபடி மவுன்ட் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் கிளையன்ட் முதலில் எழுந்துவிடுகிற இடங்களில் எஃப்எஸ்டேபில் நோஃபெயில், முன்னால் அடிக்கோடு போட்ட நெட்டெவ் இரண்டையும் சேருங்கள்.

திறக்கிறது, ஆனால் ஆமை வேகம்

சர்வரில் ஈதிடூல் அடித்து ஸ்பீடு வரியைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எட்டு இழையில் ஒன்று கிரிம்பில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது எலி கடித்திருக்கலாம். சுவிட்ச்சே 100 வகையாக இருக்கவும் வாய்ப்புண்டு. 100ல் வினாடிக்கு சுமார் 11 மெகாபைட், 1000ல் சுமார் 110. இரண்டு ஜிபி ஃபைலுக்கு மூன்று நிமிடமா இருபது வினாடியா என்பது அந்த ஒரு இழையில் இருக்கிறது.

எதிலும் பிடிபடவில்லை என்றால் லாக்

எஸ்எம்பிகன்ட்ரோல் ஆல் டீபக் 3 என்று அடித்து, சிக்கலை ஒருமுறை வரவழைத்து, வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் சம்பா என்ற இடத்தில் இருக்கும் ஃபைல்களைக் கடைசியிலிருந்து படியுங்கள். எந்தப் பெயரில் வந்தார், எந்தப் பாதையில் மறுக்கப்பட்டார் என்று வரி வரியாக இருக்கும். பார்த்து முடித்ததும் அதே கட்டளையில் 0 கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடுங்கள், லாக் வீணாக வீங்கும். அப்புறம் டிஎஃப் ஹைஃபன் ஹெச் அடித்து டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைப்பதால், ரூட்டாக நீங்கள் எழுதிப் பார்த்தால் எழுதும், கவிதாவுக்கு மட்டும் இடம் இல்லை என்று சொல்லும்.